கோமாரியில் வாங்கிய டீசல் வேன்

ஸஹ்றா, இம்றான், உங்கள் வாப்பா நான் சனிக்கிழமை எங்கே போனேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எழுதித் தருகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

காலை ஆறே முக்காலுக்குக் கல்முனையில் பொத்துவில் பஸ் ஏறினேன். கோமாரிக்கு அறுபது கிலோமீற்றர் அளவில் வரும். டிக்கட் இருநூற்று எழுபது ரூபாய். ஒரு வேன் பார்க்கப் போனேன். அது சரிவந்தால் இங்கேயே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடலாம். சரிவராவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் டோஹாவில் டிரைவர் வேலை.

அட்டாளைச்சேனை தாண்டியதும் வயலில் நெல் வெட்டும் மெஷின் இரண்டு. பக்கத்துச் சீட் விவசாயி, "அதும் டீசல், நாம இரிக்கிற பஸ்ஸும் டீசல். டீசல் இல்லாட்டி நமக்குச் சோறும் இல்ல காக்கா" என்றார். டோஹாவில் ஒன்பது வருடமாக நான் ஓட்டிய வீட்டுக் கார்கள் எல்லாம் பெற்றோல்; டீசல் பஸ்ஸுக்கும் தண்ணீர் பவுசர் லொறிக்கும்தான். பிரான்ஸில் உங்கள் சாச்சா வைத்திருப்பது டீசல் கார். தூரப் பயணத்துக்கு அதுதான் மலிவு என்பார். ஆனால் பழைய டீசல் கார்களைப் பெரிய நகரங்கள் சிலவற்றுக்குள் விடமாட்டார்களாம், புகைதான் காரணம். ஊருக்கு ஊர் தேவை வேறு.

எட்டே முக்காலுக்குக் கோமாரி. வேன்காரர் தர்மலிங்கம் அண்ணன், "ஓட்டிப் பாருங்க காக்கா" என்று சாவியைத் தந்து பக்கத்தில் ஏறினார். பொத்துவில் வரை வேன் நன்றாகவே ஓடியது. பெற்றோல் செட்டில் அவர் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். நான் டோஹாப் பழக்கத்தில், "பெற்றோல், பத்து லீற்றர்" என்று சொல்லிவிட்டேன். அடிப்பவரும் யாருடனோ கதைத்தபடியே அடித்துவிட்டார். சாவியைத் திருப்பப் போகும்போதுதான் பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பிள்ளைகளே, டீசல் எஞ்சினின் பம்புக்கு வழுவழுப்புத் தருவதும் அந்த டீசல்தான். பெற்றோல் போனால் பம்ப் தேய்ந்துவிடும். ஸ்டார்ட் பண்ணியிருந்தால் வாங்கச் சேர்த்த காசு திருத்தவே போயிருக்கும். அதுவும் இன்னொருவருடைய வேன்.

தேத்தண்ணிக் கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"சாவியத் திருப்பின நீங்களா?"

"இல்ல அண்ணன்."

"மறுகா என்னத்துக்கு அழுற மாதிரி நிக்கிறீங்க? டோஹாவில ஒட்டகத்துக்கும் பெற்றோல்தான் ஊத்துறதா?"

வேனை ஓரமாகத் தள்ளினோம். அவரே கீழே படுத்து, டீசல் தாங்கியின் அடி மூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் கேன்களில் வடித்தார். டீசல் ஊற்றியதும், "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பிஸ்மி சொல்லித் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"இனி எனக்குத் தருவீங்களா அண்ணன்?"

"பிழைய வந்து சொல்ற ஆளுக்குத்தான் குடுக்கணும். என்ட புள்ளையள் இந்த வேனாலதான் படிச்சதுகள்."

முன்பே கதைத்து முடித்திருந்த காசைக் கொடுத்தேன். மிச்ச எழுத்துவேலை திங்கட்கிழமை. இரண்டரைக்குப் புறப்பட்டு, திருக்கோவில் வழியாக நானே ஓட்டி வந்தேன். வலப்பக்கம் கடல். டோஹாவிலும் கடலோரம் ஓட்டியிருக்கிறேன். அங்கே பின்சீட்டில் இருந்தது வேறு ஆட்களின் பிள்ளைகள்.

நான் வந்தபோது நீங்கள் குர்ஆன் ஓதப் போயிருந்தீர்கள், உம்மாவும் வீட்டில் இல்லை. 'இனி வரமாட்டேன்' என்று டோஹா முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு ஸஹ்றாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், வேனில் டீசல் ஊற்றும் வாயின் மூடியில் 'டீசல்' என்று பெரிதாக எழுதி, காயும்வரை ஊதிக்கொண்டு நின்றேன்.