சூடு தெரியாத பாதம்

2023 மே 9, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து துணி துவைத்துக் காயப்போட்டேன். அரைநாள் லீவு. ஈஜோக் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருக்கும் அண்ணனைக் கிளினிக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை மாத்திரை வாங்கித் தரும் நாள். அங்கே பஸ் நின்றுபோய் வருஷங்களாகின்றன.

வாசலிலேயே நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அண்ணனின் இடது கால்.

முந்தின வாரம் மாரியம்மன் கோயிலில் தீ மிதித்திருந்தார். "எல்லாரும் ஓடுனாங்க பாப்பா. நான் நடந்தேன். சூடே தெரியல. அம்மா தாங்கிட்டா."

உள்ளங்காலில் கரித்துண்டு புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ். மேலே மஞ்சளை அப்பி மறைத்திருந்தார், கோயில் தலைவர் புண்ணைப் பார்த்துவிட்டு, "கறி தின்னுட்டா மிதிச்ச?" என்று ஆட்கள் முன்னால் கேட்டதிலிருந்து.

கிளினிக்கில் இருந்த டாக்டர் நம் தமிழாள்தான், டவுன்காரர். நாற்காலியை விட்டு எழவில்லை. தீ மிதித்த கால் என்றதும் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சம்சுவா, கள்ளா?"

"குடிக்கிறதில்லைங்க."

"தோட்டத்து ஆளு குடிக்காம தீ மிதிச்சியா? சும்மா சொல்லாத லா."

பக்கத்திலிருந்த தாதி சிரித்தாள். கரித்துண்டை எடுக்காமலேயே துணி சுற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

காரில் கேட்டேன்: "இத்தனை வருஷத்துல யாராவது செருப்பைக் கழட்டச் சொல்லி காலைப் பாத்தாங்களாண்ணே?"

"காலை எதுக்குப் பாக்கணும்? சர்க்கரை ரத்தத்துலதானே."

காரில் கிடந்த பேனாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

லயத்துக்குத் திரும்பியதும், அவர் தீக்குழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், காயமில்லாத வலது பாதத்தில் பேனா முனையை வைத்து அழுத்தினேன். பேச்சு நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். பேசிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, அம்மா தாங்கல. சர்க்கரையில கால் மரத்துப்போச்சு. ரெண்டுமே. பெரியாஸ்பத்திரிக்குப் போகலன்னா இடது கால் போயிரும்."

பேனாவை வாங்கித் தானே பாதத்தில் குத்திப் பார்த்தார்.

"அப்ப என் விரதத்துல குறையில்லையா?"

"இல்லண்ணே."

முகம் தெளிந்தது. கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு நிம்மதி! அந்த நிம்மதியை அவருக்குத் தேவையாக்கிவிட்ட தலைவரையும், சிரித்த தாதியையும், எழாத நாற்காலிக்காரரையும் நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

"காலையில ஆஸ்பத்திரிக்கு வரேன், பாப்பா. தலைவர்கிட்ட மட்டும் என் விரதத்துல குறையில்லன்னு நீயே சொல்லிடு," என்றார்.

மறுநாள் காலை, பல்லைக்கூடத் துலக்காமல், முதல் வேலையாக அண்ணனைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியிலிருந்த தலைவர் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை.