கண்டுபிடிக்காமலே முடிகிற கதை

கம்பெனி பஸ்ஸில் பெரும்பாலும் எல்லாரும் தூங்குவார்கள். ஏறி உட்கார்ந்து முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் கம்பெனி இருக்கிற வல்லம் வடகால் வரும்வரை ஓர் அசைவும் இருக்காது. நான் மட்டும் படிப்பேன். எங்கள் கம்பெனி வண்டி விளக்குகளுக்கு மேலே வரும் பிளாஸ்டிக் மூடிகளை வார்க்கிறது. எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. ஷிப்டு முழுக்க ஒரு வெள்ளை டியூப் லைட்டின் கீழே ஆரஞ்சும் சிவப்புமான மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், கரும்புள்ளி, ஓரத்தில் பிசிறு. அப்படிப் பார்த்துவிட்டு வந்தும் கண்ணுக்கு வேலை கொடுக்கிறாயே என்று ஹாஸ்டலில் கேட்பார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது என் பையில் துணியைவிட மாத நாவல்கள்தான் அதிகம். எல்லாம் கொலை, கடத்தல், துப்பறியும் கதைகள். வேறு எதையும் என்னால் தொடர்ந்து படிக்க முடிந்ததில்லை.

பக்கத்து சீட்டில் உட்காரும் அக்கா பிள்ளைப்பாக்கத்துக்காரி. நாற்பதைத் தாண்டியவள். பேக்கிங்கில் இருந்தாள். ஒரு நாள் என் புத்தகத்தின் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா அது, தெனம் படிச்சிகினே வர? பரீட்சையா?"

"இல்லக்கா, கொலைக் கதை."

"யாரு பண்ணாங்க கொலைய?"

"அது கடைசிலதான்க்கா தெரியும்."

"அப்ப கடைசிய மொதல்ல படிச்சுட்டு நிம்மதியா தூங்க வேண்டிதானே?"

மறுநாள் அவளுக்கும் ஒன்று கொண்டுபோனேன். புதிதாகப் படிக்க வருகிறவருக்குக் கொடுப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. முதல் பக்கத்திலேயே பிணம் கிடக்க வேண்டும். சந்தேகப்பட ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. கொலைகாரனின் சிறுவயதுத் துயரத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்கிற எழுத்தாளர்களை ஐந்தாறு கதைகளுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். விஷத்தைப் பற்றி நன்றாக எழுதுகிறவர் ஒருவர், கோர்ட்டு விவகாரத்துக்கு ஒருவர், போலீஸ் ஸ்டேஷன் எப்படி நடக்கும் என்பதற்கு ஒருவர் என்று எனக்குள் பிரித்து வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடைக்குப் போகும்போது அக்காவுக்கென்று தனியாகப் பார்ப்பேன்.

அவள் மெதுவாகத்தான் படிப்பாள். எழுத்துக்கூட்டி என்று சொல்ல முடியாது, ஆனால் உதடு அசையும். பாதியிலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். "இந்த டாக்டரு சரியில்ல. அவ செத்தப்ப கைய கழுவிக்கினு இருந்தான் பாரு." பல தடவை அது சரியாகவும் இருக்கும். படித்ததை வீட்டுக்காரரிடம் சொல்வாள். அவர் ஒரு கோடவுனில் நைட் செக்யூரிட்டி. இவள் வேலை முடிந்து வந்து, அவர் டூட்டிக்குக் கிளம்புவதற்குள் இருக்கிற கொஞ்ச நேரத்தில் சோறு போட்டுக்கொண்டே கதை நடக்கும். "எந்தக் கதை சொன்னாலும் தம்பிக்காரன்தான் கொலைகாரன்றாரு" என்று சிரிப்பாள். "தம்பியே இல்லய்யா இந்தக் கதையிலன்னா, எங்கியோ ஒளிஞ்சிகினு இருப்பான், நல்லா பாருன்றாரு." அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் சேர்த்துத்தான் புத்தகம் தேர்ந்தெடுத்தேன். தம்பி கொலைகாரனாக வரும் கதை ஒன்று கிடைத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

அந்த வருஷம் மழை முடிந்த சமயம், முதல் ஷிப்டுக்குப் போகிறோம். நன்றாக விடிந்துவிட்டது. ஒரகடம் போகிற சாலையில் ஓரமாகக் கூட்டம் நின்றது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ஆக்சிடென்ட் போல கீது" என்றார். சிலர் எழுந்து பார்த்தார்கள். ஆட்களின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அக்கா, "பாவம், எந்த வூட்டுப் புள்ளையோ" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து கதையைப் பேசினோம். அன்றைக்குப் பேசியது எந்தக் கதை என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் டீ பிரேக்குக்கு அப்புறம்தான் எச்.ஆரிலிருந்து ஓர் ஆள் வந்து அக்காவைக் கூப்பிட்டார். பேக்கிங்கைப் பிரிக்கிற கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் தலையில் போட்டிருந்த நெட் தொப்பியைக் கழற்றியபடி போவதைப் பார்த்தேன். டூட்டி முடிந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிய அவள் வீட்டுக்காரரை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. நாங்கள் கடந்துபோன அந்தக் கூட்டம் அவரைச் சுற்றித்தான் நின்றிருந்தது.

எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. பேப்பரில் வழக்கம்போல அடையாளம் தெரியாத வாகனம் என்று போட்டிருந்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து அக்கா வேலைக்கு வந்தாள். அதே பஸ், அதே சாலை. அந்த இடம் வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள், தாண்டியதும் விட்டுவிடுவாள். நான் புத்தகம் எடுத்துப் போவதையே நிறுத்தியிருந்தேன். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"வண்டில அடிச்சுட்டு ஓடிப்போறவன கண்டுபுடிக்கிற கதை கீதாம்மா?"

"இருக்குக்கா" என்றேன்.

"இருந்தா குடு. எப்பிடி கண்டுபுடிக்கிறான்னு பாக்கணும்."

அந்த மாதிரி மூன்று நான்கு கதைகள் எனக்குத் தெரியும். ஒன்றில் சட்டையில் ஒட்டிய பெயின்ட் துகளை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இன்னொன்றில் உடைந்த ஹெட்லைட் கண்ணாடி. கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் கொடுத்தேன். முன்பெல்லாம் கதையாகப் படித்தவள், இப்போது மிஷின் ஓட்டக் கற்றுக்கொள்கிறவளைப் போலப் படித்தாள். சில பக்கங்களை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பாள். "இந்த பெயின்ட்ட எங்க குடுத்து பாக்கறாங்க? நம்ம ஸ்டேஷன்ல அந்த மிஷினு இருக்குமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்துக்குப் போய்ச் சாலையோரத்துப் புல்லையெல்லாம் கிளறிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பஸ்ஸில் தன் டிபன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், உள்ளங்கை அளவு. நான் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் எங்கள் அச்சின் எண் இருந்தது. இண்டிகேட்டர் மூடி. எங்கள் கம்பெனியில் வார்த்தது.

"நம்மளுதுதானே?" என்றாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"ஆமாக்கா."

"அப்ப எந்த வண்டிக்குப் போச்சுன்னு தெரியும்ல?"

அந்த ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் படித்த கதைகளில் இந்த இடத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் நாலைந்து பக்கங்கள்தான். அச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரிடம் மதியம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கே கிடைத்தது என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. நல்ல மனிதர்தான்.

"பாதி லாரிக்கு இதாங்க போகுது. பஸ்ஸுக்கும் போகுது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் போகுது. எத்தனை பெட்டி ஏத்தறாங்கன்னு அந்தக்காவுக்கே தெரியுமே" என்றார்.

இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போனோம். கேஸ் எழுதுகிற ரைட்டர், பெரிய மீசை வைத்த ஒருவர், எங்களை உட்காரச் சொன்னார். துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"இது அந்த வண்டியோடதுதான்னு எப்பிடிம்மா சொல்றது? அந்த ரோட்டோரம் போய் அள்ளுனா ஒரு மூட்டை வரும் இந்த மாதிரி. தெனம் எதுனா ஒண்ணு ஒடையுது."

"அந்த எடத்துக்கு எதிர் கம்பெனில கேமரா கீது சார்."

"பாத்துட்டோம்மா. அது அவங்க வாசலத்தான் காட்டுது. ரோடு ஒரு ஓரத்துல தெரியுது, அதுல வண்டி போறது நெழலு மாதிரி கீது. லாரியா பஸ்ஸான்னே சொல்ல முடியல." துண்டை மேஜைமேல் வைத்தார். "வண்டி நம்பரு யாருனா பாத்திருந்தா சொல்லுங்க. எங்க இருந்தாலும் போய் தூக்கிகினு வரேன்."

"நம்பர நாங்க கண்டுபுடிக்கணுமா சார்?"

அக்கா சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். டீ வந்தது. குடித்தோம். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, "நானே கூட அத பொட்டில போட்டு அனுப்பிருப்பேன்" என்றாள். எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கையால் திருப்பிப் பார்த்து, நல்லது என்று ஒதுக்கிய மூடியாகக்கூட அது இருக்கலாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஒரு மாலை, ஷிப்டு முடிந்து திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கண்டுபுடிக்காமலே முடியற கதை எதுனா இருந்தா குடேன்."

"எதுக்குக்கா?"

"அப்புறம் அவங்கள்லாம் இன்னா பண்றாங்கன்னு பாக்கணும்."

எத்தனையோ பேருக்குப் புத்தகம் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் இப்படியொன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் இழுத்து ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் பிடிபட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கைவிலங்கை மாட்டிக்கொண்டார்கள். சிலர் ஓடி, மாடியிலிருந்து விழுந்து செத்தார்கள். பழைய புத்தகக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர், "அப்பிடி எழுதுனா எவன் வாங்குவான்?" என்றார். போனில் துப்பறியும் கதை வாசகர் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே கேட்டபோது ஒருவர், கண்டுபிடிக்காவிட்டால் அது எப்படித் துப்பறியும் கதை என்று எழுதினார். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் விழுந்தன. வேறு சிலர் அக்கறையாகவே தேடிப் பெயர் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தால் கடைசி அத்தியாயத்தில் எப்படியாவது உண்மை வெளிவந்துவிடும்.

ரொம்ப நாள் கழித்து ஒன்று கிடைத்தது. ஒரு பெண்ணின் கணவன் காணாமல் போகிறான், போலீஸ் தேடித் தேடி ஓய்கிறது, அவள் வாசலில் நிற்பதோடு கதை முடிகிறது. இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டு அக்காவிடம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லாதான் எழுதிகீறான். ஆனா இதுலயும் சொல்லிட்டான்ம்மா."

"எங்கக்கா சொன்னான்? கண்டுபிடிக்கவே இல்லையே."

"போலீசுக்குத்தான் தெரியல. நடுவுல அந்த புருஷனோட பார்ட்னரு ராத்திரி பள்ளம் தோண்டறான்ல? படிக்கிற நமக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தம்மாவுக்கு மட்டும்தான் தெரியல. நான் படிக்கிறவ இல்லியே. நான் அந்தம்மா."

நான் சொல்லி அவள் படித்த கடைசிப் புத்தகம் அதுதான்.

சித்திரை வாக்கில் அவள் வேலையை விட்டுவிட்டாள். கம்பெனிக்குப் போக வேறு வழியே கிடையாது, தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மறைமலை நகரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய், அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்துகொண்டாள். பஸ்ஸில் இப்போது என் பக்கத்தில் தூங்குகிற பெண்கள்தான். எப்போதாவது ஒருத்தி நல்ல திகில் கதை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்பதில்லை. நானும் படிக்கிறேன், வேறு பழக்கம் இல்லாததால். கொலைகாரன் அகப்படுகிற பக்கம் வந்தால் வேகமாகத் தள்ளிவிட்டு மூடி வைத்துவிடுகிறேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தங்கச்சி டீ போட்டுக் கொடுத்தது.

"ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணாங்க" என்றாள் அக்கா. "கண்டுபுடிக்க முடியலன்னு கேச முடிக்கிறாங்களாம்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"சரின்னேன். வேற இன்னா சொல்றது?"

அந்த மீசைக்காரர் மாற்றலாகிப் போய்விட்டாராம். பேசியது வேறு யாரோ. அவருக்கு இவள் வீட்டுக்காரரின் பெயரைக்கூடப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது என்று சொன்னாள். சொல்லும்போது கோபம்கூட இல்லை. கீரையின் வேரை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் லைன் எப்படி இருக்கிறது, புது சூப்பர்வைசர் எப்படி என்று கேட்டாள். சொன்னேன். புத்தகத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

ஜிஎஸ்டி நெடுஞ்சாலை ஸ்டாப்பிங் வரை கூடவே வந்தாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்காக நான் சாலைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன். என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள தள்ளி நில்லும்மா."

பஸ் வரும்வரை கையை விடவில்லை. வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பஸ் வந்ததும் ஏறினேன். உட்கார இடமில்லை. பஸ் மாற வேண்டிய சிங்கப்பெருமாள் கோயில் வரை நின்றுகொண்டேதான் வந்தேன்.