முப்பது கிலோ போணி

ஆப் செய்யுத தொழில்னு சொன்னா, என்னைப் பொண்ணு பாக்க வந்தவுகளே "அது சரி, வேலை என்ன?"ன்னுதான் கேட்டாவ. காப்பியைக் குடிச்சிட்டுப் போய்ச் சேருங்கன்னு சொல்ல வாய் வரை வந்துட்டு. அம்மா முறைச்சதுனால அடக்கிக்கிட்டேன்.

நானும், காலேஜ்ல கூடப் படிச்ச சீவலப்பேரிக்காரன் ஒருத்தனும் பாளையங்கோட்டையில ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடிச்சோம். சின்னக் கடைக்காரங்களுக்கு அவங்கவங்க தோதுக்கு வெப்சைட்டும் ஆப்பும் செஞ்சு தாரோம்னு போர்டு மாட்டினோம். அதுல "குறைஞ்ச செலவில்"னு பெருசா எழுதினதுதான் வினை. வந்தவங்க எல்லாரும் அதை மட்டும்தான் வாசிச்சாவ. கல்யாண மண்டபத்து அண்ணாச்சி ஒருத்தர், எதுத்த மண்டபக்காரர் ஆப் வச்சிருக்காராம், இவருக்கு அதைவிட அரை அடி பெருசா வேணும்னு கேட்டாரு. செல்போன் எத்தனை அடி அண்ணாச்சின்னு என் கூட்டாளி கேட்டான். அதோட அவரு வரலை.

மீன்கார அக்கா அப்படி இல்ல. ஊரு புன்னக்காயல். வீட்டுக்காரரு கடலுக்குப் போறவரு. அவரு பிடிச்சதையும், கரையில ஏலத்துல எடுத்ததையும் விடியுமுன்ன வேன்ல ஏத்திக்கிட்டு வந்து, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒத்தைக் கதவுக் கடையில வச்சு விப்பாவ. நல்லா ஓடின கடைதான். பட்டணத்துக் கம்பெனி ஒண்ணு வழுவழு டப்பாவுல மீனை அடைச்சு வீட்டுக்கே அனுப்ப ஆரம்பிச்ச பொறவு, டீச்சர் வீடு, பேங்க்காரங்க வீடுன்னு ஒண்ணொண்ணா அங்கன போயிட்டாவ. ஏன், எங்க அம்மாவே போயிட்டா! கடைசில அக்கா கடைக்குச் சொந்தக்கார அண்ணாச்சிகிட்ட, இந்த மாசத்தோட சாவியைத் தந்துருதேன்னு சொல்லிட்டாவ. செல்போன் கவர் விக்குத ஒருத்தர் அந்த இடத்துக்கு ரெடியா நின்னாரு.

"ஒரே ஒரு மட்டம் மல்லுக்கட்டிப் பாக்கேன் பிள்ள. அந்தக் கம்பெனிக்காரனுக்கு இருக்குத ஆப் எனக்கும் ஒண்ணு செஞ்சு தா. ஓடலைன்னா சாவியைக் குடுத்துட்டு ஊரோட போய்க் கருவாடு காயப் போடுதேன்"னாவ.

அக்கா கருவாடு காயப் போடுததை என்னால நினைச்சுப் பாக்க முடியலை. செஞ்சிருவோம்க்கான்னு சொல்லிட்டேன். கூட்டாளி மேசைக்கு அடியில என் காலை மிதிச்சான்.

ஒரு காலை முழுக்க அக்கா கடையில உக்காந்து பாத்தோம். வாரவுக ஒருத்தராவது வெறும "ஒரு கிலோ"ன்னு சொல்லணுமே! குழம்புக்கா பொரிக்கவா, தலை சேத்தா தனியாவா, பிள்ளைக்கு முள் எடுக்கணுமா, மாமியார் வந்திருக்காவளா, அப்ப நடுத்துண்டு கூட ரெண்டு. அத்தனையையும் ஆப்புல பட்டனா வச்சோம். பட்டணத்து ஆப்புல மாமியாருக்குப் பட்டன் கிடையாது, சொல்லிட்டேன். எல்லாம் முடிஞ்சு காட்டினா, அக்கா கடைசிப் பக்கத்துல இருந்த "வெளியேறு"ங்கிற பட்டனைப் பாத்துட்டு, "ஏட்டி, வீடு தேடி வந்தவுகளை வெளியேறுன்னா சொல்லுவ? உங்கம்மா டீச்சர்னு வெளிய சொல்லாத"ன்னு ஒரே சத்தம். "போயிட்டு வாங்க"ன்னு மாத்தின பொறவுதான் அடங்கினாவ.

திறப்பு நாள் காலைல, அக்கா ஊர்ல இருந்து சர்ச் சாமியாரையும் வேன்ல கூட்டிக்கிட்டு வந்துட்டாவ. அவரு ஜெபம் பண்ணி, ஆர்டர் வாங்குத புது டேப்லெட் மேல தீர்த்தத்தைத் தெளிச்சாரு பாருங்க, என் கூட்டாளி "ஐயோ சாமி!"ன்னு பாஞ்சு சட்டையோட அது மேல விழுந்தான். அவருக்கு என்ன தோணுச்சோ, அவன் தலையிலயும் நல்லா தெளிச்சு விட்டாரு.

ஏழு மணிக்கு "டிங்"னு சத்தம். முதல் ஆர்டர்!

"மாதாவே!"ன்னு அக்கா சிலுவை போட்டு, டேப்லெட்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ. எல்லாரும் கை தட்டினோம். நான் எட்டிப் பாத்தேன். முப்பது கிலோ சாளை. முகவரி, எங்க ஆபீஸ்.

நான் நிமிந்து கூட்டாளியைப் பாத்தேன். அவன் முகம் வெளுத்துட்டு. முந்தின நாளே சொல்லி வைக்குத ஆர்டர் மறுநாள் காலைல சரியா வருதான்னு சோதிக்கதுக்கு, கிலோக் கட்டத்துல முப்பதுன்னு அடிச்சிருக்கான் கூறுகெட்டவன். சோதிச்சான், அழிக்க மறந்துட்டான். ஒண்ணோ ரெண்டோ அடிச்சா விரல் தேஞ்சா போகும்?

"அக்கா, அது நிஜ ஆர்டர் இல்லக்கா. நாங்க சோதனைக்குப் போட்டது. இப்ப ரத்து பண்ணிருதேன்"னு கையை நீட்டினேன்.

அக்கா டேப்லெட்டை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாவ. "ரத்தா? இது போணி பிள்ள! முதல் போணியைத் திருப்பி அனுப்பினா அன்னைக்கு ஈ கூட வராது. இது அன்னைக்கு ஒரு நாள் போணி இல்ல, ஆப்புக்கே போணி. உன் சோதனை உன்னோட, என் போணி என்னோட. எடு பணத்தை, போணியில கடன் கிடையாது."

ஆப் செய்ய அக்கா எங்களுக்குத் தந்த முன்பணம் அப்படியே அக்காவுக்கே போயிட்டு. குறைஞ்ச செலவில்னு எழுதினோம்லா, செலவு யாருக்குன்னு எழுதலை.

சாளையை ஆட்டோவுல ஏத்தி ஆபீஸ் வாசல்ல இறங்கினா, கட்டிடத்துக்கார அண்ணாச்சி கையில பால் பாத்திரத்தோட நிக்காரு. சுத்த சைவம். முட்டை கூட படி ஏறக் கூடாதுன்னு பேசித்தான் இடமே குடுத்தாரு. மூக்கை ரெண்டு தடவ உறிஞ்சினாரு. "என்ன வே அது?"

"சர்வர் அண்ணாச்சி"ன்னான் கூட்டாளி.

"சர்வர்லயா தண்ணி சொட்டுது?"

"ஓட்டும்யா!"ன்னு ஆட்டோக்காரர் முதுகுல தட்டினேன். டீச்சருங்க வீடெல்லாம் இருக்குத தெருவுக்குள்ள திரும்பினோம். மீன் அக்கா கடைப் போணி, காசு வேண்டாம், பிடியுங்கன்னு வீடு வீடாக் கூவினேன். ஒருத்தர் வரணுமே! சும்மா தாராவன்னா கெட்டுப் போயிருக்கும்னு நினைச்சுட்டாவ. கதவுச் சங்கிலி வழியா ஒரு கண்ணு மட்டும் தெரியுது. ஆட்டோ பின்னால நாலு பூனை. வெயில் ஏற ஏற ஐஸ் கரைஞ்சு ஒழுகுது. எனக்கானா சிரிப்பு வருது, சவத்துச் சிரிப்பை அடக்கவும் முடியலை.

ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர்தான் இறங்கி வந்தாவ. ஒரு சாளையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பாத்தாவ. செக்கச் செவேல்னு இருந்தது. உடனே மதில் மேல எக்கி, "ஏ தங்கச்சி! நம்ம பழைய மீன்காரி சாளை வந்திருக்கு. இப்பக் கடல்ல இருந்து ஏறினது மாதிரி கெடக்கு. சட்டியை எடுத்துட்டு வா!"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சட்டி, குண்டா, வாளின்னு தெருவே இறங்கிட்டு. ஆளுக்குக் கை நிறைய அள்ளிக் குடுத்தோம். கூட்டாளி ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி ஆப்பை ஏத்திவிட்டான், கையெல்லாம் செதிலோட.

பொறவு எங்களுக்கு வேலையே இல்ல. அரை மணி நேரத்துல அந்தத் தெரு முழுக்கச் சாளை பொரிக்குத வாசம். பக்கத்துத் தெருக்காரங்க அந்த வாசம் பிடிச்சே வந்து, எங்கன வாங்கினியன்னு கேக்காவ. எங்க அம்மாவே போன் பண்ணி, "ஊருக்கெல்லாம் குடுத்தியாம், பெத்தவளுக்குக் கிடையாதா?"ன்னு சண்டை.

நாங்க கடைக்குத் திரும்பினப்ப டேப்லெட் "டிங் டிங்"னு ஓயாம அடிச்சுக்கிட்டுக் கெடந்தது. அக்கா ஒரு கையால வெட்டி, மறு கை முழங்கையால பட்டனை அமுக்குதாவ. நடுவுல, "ஏட்டி, மாமியார் பட்டனை எல்லாரும் அமுக்குதாவளே, இம்புட்டு மாமியாருக்கு நான் நடுத்துண்டுக்கு எங்கன போவேன்!"ன்னு எங்களைப் பாத்துக் கத்துதாவ.

மதியத்துக்குள்ள பெட்டி எல்லாம் காலி. அந்த நேரம் பாத்துக் கடைக்குச் சொந்தக்கார அண்ணாச்சி செல்போன் கவர்காரரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கவர்காரரு டேப்பை இழுத்துச் சுவத்தை அளக்கப் போனாரு.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லும். தண்ணி தெறிக்கும்"னு சொல்லி அக்கா தரையைக் கழுவி விட்டாவ.

அண்ணாச்சி காலைத் தூக்கிக்கிட்டு, "சரி, வந்தது வந்தேன், ஒரு கிலோ சாளை குடு. வீட்டுல கேட்டாவ"ன்னாரு.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

"முடிஞ்சிட்டா?"

"ஆமா. ஆப்புல சொல்லி வையும், நாளைக்கு எடுத்து வைக்கேன்." அப்படிச் சொன்ன உடனே அக்காவுக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே இருந்தவுக அப்படியே அழுதாவ. கை முழுக்க மீன், தோள்ல முகத்தைத் துடைச்சுக்கிட்டாவ. எனக்கும் கண்ணு நிறைஞ்சுட்டு. கூட்டாளி வெளிய போய்ப் பூனையை விரட்டுத மாதிரி நின்னான்.

அண்ணாச்சி கவர்காரரைத் திரும்பிப் பாத்தாரு. "அப்ப சாவி?"ன்னு பைய கேட்டாரு.

அக்கா இடுப்புல சொருகியிருந்த சாவியை ஒரு தடவ தொட்டுப் பாத்தாவ.

"அது எப்படித் தர? காலைல நான் கடையைத் திறக்கண்டாமா?"