கொட்டாஞ்சேனையில் ஒரு துருப்பிடித்த பாக்குவெட்டி

ஞாயிறு, மாலை 4.40. சங்கரன்கோவிலிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. அங்கிருந்து கடலைத் தாண்டிக் கட்டுநாயக்காவில் இறங்க ஐம்பத்தைந்து நிமிடம்தான். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் நாடு மாறிவிட்டது. என் பையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நான்கு கிலோவும், தலைக்குள் அதைவிடக் கனமான பெருமையும் இருந்தன. இருபத்திரண்டு வருடமாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துவதில் என்னை அடிக்க எங்கள் வட்டாரத்தில் ஆளில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. காலம் என்றால், ஐந்து நாளைக்கு முன்.

வெள்ளவத்தைக்கு வாடகைக் கார் ஏழாயிரத்து இருநூறு ரூபாய், இலங்கைக் காசில். நாற்பது கிலோமீட்டர். காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தின் முனையில் கௌரி நின்றாள். நான்கு வருடமாக ஆசிரியர்களின் கைபேசிக் குழுவில் பழக்கம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் மூன்றாம் தரத்துக்குப் பாடம் எடுக்கிறாள். "போட்டோவில பார்த்ததை விடக் கட்டையா இருக்கிறீங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு என் பையைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். அந்தக் கணமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

திங்கள், காலை 6.10. இடியப்பமும் சம்பலும் வயிற்றில் இருக்க, 101ஆம் இலக்க பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். புறக்கோட்டை வரை ஒன்பது கிலோமீட்டர், ஆளுக்கு எழுபது ரூபாய். நடத்துநர் நிமிடத்துக்கு ஒருமுறை "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தினார். முன்னால் போகச் சொல்கிறார் என்று கௌரி விளக்கினாள். முன்னால் ஓட்டுநர் மட்டும்தான் பாக்கி. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் என்று இடப்பக்கமெல்லாம் கடல் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. புறக்கோட்டையிலிருந்து முச்சக்கர வண்டி, முந்நூறு ரூபாய். ஓட்டுநரிடம் கௌரி சிங்களத்தில் பேரம் பேசி, என்னிடம் தமிழில் சலித்துக்கொண்டு, யாரோ ஒரு பெற்றோருக்கு ஆங்கிலத்தில் போனில் பதில் சொன்னாள். மூச்சு வாங்கவில்லை.

இலங்கையில் வரலாறு தனிப் பாடமாக வருவது ஆறாம் தரத்தில்தான். சின்ன வகுப்புகளில் சுற்றாடல் என்ற பாடத்துக்குள் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. கௌரி அதை ஒரு கயிற்றில் கட்டி வெளியே இழுத்திருந்தாள். வகுப்புச் சுவர் நெடுக ஒரு தும்புக் கயிறு. ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு, ஒரு முடிச்சு ஒரு வருடம். ஜன்னல் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டிய முடிச்சு இந்த வருடம். அங்கிருந்து பின்னோக்கிக் கதவு வரை போனால் நாற்பது வருடம். கயிற்றில் உடுப்புக் கிளிப்புகளில் சீட்டுகள் தொங்கின. "எனக்குப் பல் விழுந்தது." "தம்பி பிறந்தான், நான் அழுதேன்." "நாங்கள் பாமன்கடையில் இருந்து இங்கே வந்தோம்." "அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார், அவரும் அழுதாராம்." எட்டு வயதுப் பிள்ளைகள் அப்பாவின் அழுகையைத் தேடிக் கதவுவரை நடந்து போனார்கள். காலம் நீளமானது என்பதை அவர்களுக்குக் கால்கள் சொல்லிக்கொடுத்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சிவப்பு ரிப்பனுக்கு அப்பால், ஜன்னலடியில், மிச்சக் கயிறு சுருட்டிக் கிடந்தது.

"இதை வெட்டிடலாமே கௌரி, காலைத் தடுக்குது."

"கிடக்கட்டும் அக்கா. எதுக்கும் உதவும்."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இல்லையே. என்னுடைய புகழ்பெற்ற பாடத்தை இங்கும் அரங்கேற்றாமல் எப்படி ஊர் திரும்புவது? முப்பத்திரண்டு பிள்ளைகளின் முன்னால் போய் நின்று அறிவித்தேன்: "வியாழக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுல இருக்கிறதுலயே ரொம்பப் பழைய பொருளைக் கொண்டு வரணும். யாரோடது ரொம்பப் பழசோ அவங்களுக்கு ஒரு கிலோ கடலை மிட்டாய்." கூரை அதிர்ந்தது. என் தமிழைக் கேட்டு ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது பெஞ்சில் தாளம் போட்டார்கள்.

இடைவேளையில் கௌரி மெல்லக் கேட்டாள், "எல்லாற்ற வீட்டிலயும் இருக்குமோ அக்கா?"

"பழைய சாமான் இல்லாத வீடு உண்டா?" என்றேன். எங்கள் ஊரில் பிள்ளைகள் உழக்கும் படியும் உலக்கையும் தூக்கி வருவார்கள். அதே கணக்கில் பேசிவிட்டேன்.

புதன், பிற்பகல் 2.00. பள்ளி விட்டதும் கொட்டாஞ்சேனையைச் சுற்றினோம். கோயில் மணி ஒரு பக்கம், தேவாலய மணி ஒரு பக்கம். நடுவில் ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபாணும், இருவருக்கும் சேர்த்து நானூற்று அறுபது ரூபாய். பக்கத்து இரும்புக் கடையில் அரிவாள்மனை, சல்லடை, பாக்குவெட்டி எல்லாம் சரமாகத் தொங்கின. பாக்குவெட்டி விலை கேட்டேன். நானூறு என்றார் கடைக்காரர். வகுப்பிலுள்ள சஹ்ராவின் தகப்பன் அவர். "டீச்சருக்கு முந்நூத்தம்பது" என்றும் சொன்னார். வெற்றிலை போடாத எனக்கு எதற்கு என்று வைத்துவிட்டு வந்தேன்.

வியாழன், காலை 8.30. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கௌரியின் பழைய சேலையை விரித்து, அருங்காட்சியகம் திறந்தோம். ஒரு வால்வு ரேடியோ. மைப்பேனா. மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பையனின் தேயிலைக் கொழுந்துக் கூடை. தையல் மெஷினின் ஒரு கால் மட்டும். முழு மெஷினை அம்மா தரவில்லையாம். சஹ்ரா ஒரு பித்தளை எச்சில் படிக்கத்தைக் கவிழ்த்துத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு வந்தாள். வயதைக் கேட்டால் ஏலம் போல ஏறியது: நூறு வருஷம், இருநூறு வருஷம், டைனோசர் காலம்.

கடைசியாக யதுர்ஷி வந்தாள். ஒல்லிப் பிள்ளை, முன்வரிசை, மூன்று நாளில் என்னிடம் மூன்று வார்த்தை பேசியிருப்பாள். பத்திரிகைத் தாளைப் பிரித்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தாள். யாரும் கையை நறுக்கிக்கொள்ளாதபடி நூலால் இறுகக் கட்டியிருந்தது. உடம்பெல்லாம் செம்மஞ்சள் துரு. அவளுடைய வெள்ளைச் சட்டையிலும் அந்தத் துரு ஒட்டியிருந்தது. "இது எங்கட பூட்டியின்ர. யாழ்ப்பாணத்தில இருந்து கொண்டு வந்தது. நூற்றிப் பத்து வருஷம்" என்று மனப்பாடமாக ஒப்பித்தாள்.

எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. மேலே துருவாக இருந்தாலும் நடு ஆணி புத்தம் புதிதாக மின்னியது. கடவுளே, யாரும் கவனிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"மிஸ்!" சஹ்ரா துள்ளி எழுந்தாள். "இது எங்கட வாப்பாட கடையில தொங்குது மிஸ்! அடியில ஸ்டிக்கரும் ஈக்குது, பாருங்க!"

இருந்தது. பாதி கிழிந்த விலைச் சீட்டு. வகுப்பு முழுக்கச் சிரித்தது. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. எட்டு வயதுச் சிரிப்பு அது. யதுர்ஷி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பாக்குவெட்டியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள், மேசையில் தலை கவிழ்ந்தாள், மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. நான் அவசர அவசரமாகக் கடலை மிட்டாயை எல்லாருக்கும் பங்கு போட்டேன். அவளுடைய பங்கு மேசையிலேயே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கௌரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெள்ளவத்தை வந்து இறங்கும்போதுதான் சொன்னாள், "நாளைக்கு அவள் வராட்டி என்ன செய்யிறது அக்கா?"

ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்து, அதை ஊரறிய உடைத்தும் விட்டு, மறுநாள் மாலை விமானத்தில் ஏறிப் போகப் போகிறவள் நான்.

வெள்ளி, காலை 7.15. பள்ளி வாசலில் பெட்டியோடு நின்றேன். பன்னிரண்டு மணிக்குக் கட்டுநாயக்காவுக்குக் கார் சொல்லியிருந்தது. 7.20க்கு யதுர்ஷி வந்தாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் கடையில் வேலை, கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"பிள்ளையில பிழை இல்லை டீச்சர். நான்தான் செய்தனான்" என்று அவர் நேரே தொடங்கினார். "திங்கட்கிழமை பின்னேரம் வாங்கி உப்புத் தண்ணிக்குள்ள போட்டு, பல்கனியில மூண்டு நாள் வச்சனான். நீங்கள் பழசு கேட்டனீங்கள். எங்களிட்ட ஒண்டும் இல்லை. நான் சின்னனா இருக்கேக்க ஒருக்கா, கலியாணத்துக்கு முதல் ஒருக்கா, ரெண்டு தரமும் சண்டைக்குள்ள ஊரை விட்டு உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள். என்ர அம்மம்மாட்ட ஒரு பாக்குவெட்டி இருந்தது உண்மை. அது அங்கயே விடுபட்டுப் போட்டுது. பிள்ளை வெறுங்கையோட போய் நிக்கக் கூடாது எண்டுதான்..."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். "நான் கேட்டது தப்பும்மா. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். "ஐயோ, நீங்கள் ஏன் டீச்சர்" என்று அவர் பதறி என் கையைப் பிடித்தார்.

கௌரி மூவரையும் பார்த்தாள். "அன்ரி, பத்து நிமிஷம் வகுப்புக்க வருவீங்களோ? இப்ப எனக்குச் சொன்னதைப் பிள்ளையளுக்கும் சொல்லுவீங்களோ?" அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள்.

8.00 மணி. கௌரி கரும்பலகையில் 'எவ்வளவு பழசு?' என்று நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, 'எப்படி வந்தது? யாருக்குத் தெரியும்?' என்று எழுதினாள். நேற்றைய பொருட்கள் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியால் தட்டிப் பார்த்தார்கள். ரேடியோ இருநூறு வருஷம் என்று யார் சொன்னது? "மாமா சொன்னவர்." மாமாவுக்கு எப்படித் தெரியும்? "தெரியேல்ல." படிக்கம்? "சும்மா அடிச்சு விட்ட மிஸ்" என்று சஹ்ரா ஒப்புக்கொண்டாள்.

பிறகு பாக்குவெட்டி. யார் வாங்கியது? அம்மா கையுயர்த்தினார். எங்கே? "எங்கட கடையில! திங்கக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு. நானும் அங்கதான் ஈந்த!" சஹ்ராவே சாட்சி. எவ்வளவு? நானூறு. ஏன் துரு? உப்புத் தண்ணீர். ஏன் உப்புத் தண்ணீர்? அம்மா சொன்னார். வாசலில் சொன்னதையே, பிள்ளைகளுக்கு விளங்கும் சொற்களில். கொழுந்துக் கூடைப் பையன் மட்டும் கேட்டான்: "அப்ப அந்தப் பழைய பாக்குவெட்டி இப்ப எங்க அன்ரி இருக்கும்?"

"தெரியாது ராசா" என்றார் அம்மா.

முப்பத்திரண்டு பொருள்களில் முழு வரலாறும் சாட்சியோடு தெரிந்த பொருள் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடப் பெருமைக்காரியான எனக்கு இது இதுவரை உறைத்ததில்லை.

"இதைக் கயித்தில எங்க போடுவம்?" என்று கௌரி கேட்டாள். "இந்த வருஷத்தில!" என்றார்கள். சிவப்பு ரிப்பன் முடிச்சில், யதுர்ஷியே கட்டித் தொங்கவிட்டாள். அப்போதுதான் கௌரி ஜன்னலடியில் கிடந்த மிச்சக் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "இது உண்மையா நூறு வருஷம் ஆக எவ்வளவு தூரம் போக வேணும், நடந்து காட்டுங்கோ பாப்பம்." பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாண் சாணாக எண்ணியபடி, வகுப்பை விட்டு வெளியேறி, தாழ்வாரம் கடந்து, தண்ணீர்க் குழாய் வரை போனார்கள். கயிறு அங்கே முடிந்துவிட்டது. எண்பத்து மூன்று. மீதிப் பதினேழு வருடத்தைச் சஹ்ரா சாக்கட்டியால் தரையில் கோடாக இழுத்தாள்.

சீட்டு எழுதும் முறை வந்தது. யதுர்ஷி தேதி, கடை, விலை, உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். அம்மம்மாவின் அம்மாவையும் எழுதினாள். அடியில் முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னையும் போடச் சொன்னாள். போட்டேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மிஸ், இனி நூறு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தரும் இதைப் பொய் எண்டு சொல்ல ஏலாது, என்ன?"

"ஏலாது" என்றேன். அவள் ஊர்ச் சொல்லே வாயில் வந்தது.

மாலை 5.50. விமானத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் யோசிக்கப் போதுமானதாக இல்லை. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேர் வெறுங்கையோடு வந்து "மறந்துட்டேன் டீச்சர்" என்பார்கள். கவனக்குறைவு என்று நிற்க வைத்துவிடுவேன். முத்துலட்சுமி நினைவுக்கு வந்தாள். செங்கல் சூளைக்கு ஊர் ஊராகப் போகிற குடும்பம். ஒரு பீரியடு முழுக்க நின்றாள், அடுத்த வாரம் மறுபடி கேட்டபோதும் மறந்துவிட்டதாகவே சொன்னாள், மறுபடியும் நின்றாள்.

இப்போது அவள் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கடலைத் தாண்டி வந்தவளுக்கு அது ஒரு தூரமே இல்லை. திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் போய் அவளைப் பார்த்து, அன்றைக்கு அவள் எதையும் மறக்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.