பதினோரு ஊறுகாய் பாட்டில்கள்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்த நாட்களில் யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் ரேஷன் கடையில் முன்னால் நின்றவர்களுக்கும் தெரியும். அதோடு நிற்காமல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அப்படிப்பட்ட என்னைக் கேட்காமல் வீட்டில் ஒரு லாரியைப் பிரித்துப் போட்டிருந்தது எனக்குப் பெரிய மனக்குறை.

பிரித்தவர் நைனா, என் அப்பா. கல் குவாரி லாரி ஓட்டுபவர். முதலாளி ஓரங்கட்டிய சின்ன லாரி ஒன்றை, இன்ஜின் செத்த நிலையில், கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். இருபது வருஷமாக அடுத்தவர் வண்டி ஓட்டியாயிற்று, இனி சொந்த வண்டியில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. ஞாயிற்றுக்கிழமையும் லோடு இல்லாத நாளும் அதற்கே போயின. துணைக்கு அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் பாய் வருவார்.

அம்மா கண் வைத்திருந்ததும் அதே வேப்பமரத்தடி மேல்தான். அம்மா அம்மையார்குப்பத்துப் பெண், நெசவுக் குடும்பம். எங்கள் முன்னறையில் பாதி அவளுடைய குழித்தறி. மரத்தடியில் ஒரு கொட்டகை போட்டுத் தறியை அங்கே மாற்ற வேண்டும் என்று இருந்தாள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தாள். ஆடிக் கிருத்திகை முடிவதற்குள் வண்டி தானாக நகர வேண்டும். இல்லையென்றால் மறுநாள் பழைய இரும்புக்காரன் வருவான். நைனா தலையாட்டினார். கிருத்திகைக்கு மூன்று நாள் காவடிக் கூட்டத்துக்காக லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள், அவருக்கு விடுமுறை. தேய்ந்ததை எல்லாம் அதற்குள் மாற்றி முடித்திருந்தார். பூட்டுவதுதான் பாக்கி.

இன்ஜினிலிருந்து கழற்றிய போல்ட்டுகள் தறி அறையில் சுவரோரம் ஒரு பழைய போர்வை மேல் கிடந்தன. கதவருகே தொடங்கி, சுவரோடு போய், மூலையில் திரும்பி, தறிக்கு நேர் எதிரே முடிந்தன. நடுநடுவே ஒரு புளியங்கொட்டை. நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலில் கழற்றியது கதவருகே, கடைசியில் கழற்றியது தறியருகே, ஒரு பாகம் முடிந்தால் ஒரு கொட்டை. இது அவருடைய கணக்கு. எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. லீவுக்கு வந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது குப்பை.

நைனாவின் விடுமுறைக்கு முந்தின நாள் அவர் லோடுக்குப் போயிருந்தார். அம்மா நெய்த சேலைகளைக் கொடுக்க அம்மையார்குப்பம் போயிருந்தாள். நான் வேலையைத் தொடங்கினேன். தோழியிடம் இரவல் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொரு போல்ட்டின் தடிமனையும் அளந்தேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். பதினோரு காலி ஊறுகாய் பாட்டில்களில் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, அளவை ஆங்கிலத்தில் எழுதினேன். சீட்டின் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். புளியங்கொட்டைகளைப் பெருக்கித் தள்ளினேன். போர்வையைத் துவைத்துக் காயப்போட்டேன். மாலையில் அலமாரி எதிரே நின்று நெடுநேரம் அழகு பார்த்தேன்.

விடுமுறையின் முதல் நாள் காலை பாய் வந்தார். நைனாவும் அவரும் உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார்கள்.

"அண்ணே, எந்த போல்ட்டு எங்க போவுதுனு இந்த பாட்டிலு சொல்லுமா?" என்றார் பாய்.

"இங்கிலீஷ்ல எழுதிகீது. சொல்லும்போல" என்றார் நைனா.

தடிமன் வாரியாகப் பிரித்திருப்பதை நான் விளக்கினேன். பாய் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு போல்ட்டுகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். ஒன்று நகக்கண் அளவு நீளம் கூட.

"இன்ஜினியரம்மா, குட்டை போற எடத்துல நெட்டையப் போட்டு முறுக்கினா இன்னா ஆவும்?"

"இன்ஜின் கூடு விரிசல் விடும்" என்றேன். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மார்க்.

நைனா திட்டவில்லை. வெளியே போய், இன்ஜின் இல்லாத லாரியில் ஏறி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் படித்த பெண்ணைத் திட்டலாமா என்று நான் அழுதிருப்பேன். அந்த வாய்ப்பும் போயிற்று. மலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தின் அரோகரா மட்டும் தெருவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தாள். ஊடைநூலைச் சுமந்து நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பாமலே சொன்னாள்.

"கதவாண்ட மொதல்ல நாலு குட்டை. அப்புறம் ஒரு நெட்டை, ரெண்டு வளையத்தோட. அப்புறம் கொட்டை."

எனக்குப் புரியவில்லை. பாய்க்குப் புரிந்துவிட்டது. "அக்கா, நிறுத்தாத, சொல்லு" என்றார்.

குழித்தறியில் உட்கார்ந்தால் பார்வை தரையோடு தரையாக இருக்கும். நைனாவின் வரிசையை ஒரு வருஷமாக, நாள் முழுக்க, பிடிக்காமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்வது வேகமாக இருந்ததால், "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றேன். தறியை நிறுத்தினாள். அதோடு ஞாபகமும் நின்றுபோயிற்று. மறுபடி மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று நாளும் அவள் நெய்தாள், நான் எழுதினேன். நைனாவும் பாயும் நோட்டில் உள்ளபடி போர்வை மேல் மறுபடி அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார்கள். எனக்கு வேறு வேலையும் கொடுத்தார்கள். புளியங்கொட்டை பொறுக்கி வரச் சொன்னார்கள்.

இடையில் அம்மாவிடம் கேட்டேன். "நீ கம்முனு இருந்திருந்தா இரும்புக்காரன் வந்திருப்பான். உனக்கு எடம் கெடைச்சிருக்கும் இல்ல?"

"அவன் வந்தாலும் வண்டி போவும். ஓடினாலும் போவும். எனக்கு எடம்தான வோணும்" என்றாள். பிறகு நாடாவை ஒருமுறை இழுத்துவிட்டு, "அந்தாளு வண்டில ஏறி உக்காந்துகினு இருந்தப்ப அந்த மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை வண்டி இருமிற்று. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. நைனா வேப்பமரத்தடியிலிருந்து தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். காவடிக் கூட்டம் இருந்ததால் அதற்கு மேல் போக முடியவில்லை. இறங்கவும் மனமில்லாமல், இன்ஜினையும் நிறுத்தாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தார். பாய் என்னிடம் ஒரு பாட்டிலை நீட்டினார். அடியில் ஒரே ஒரு போல்ட் கிடந்தது.

"இது எங்கனு சீட்டுல போட்டுகீதா பாரும்மா."

சீட்டில் தடிமன் மட்டும்தான் இருந்தது, இரண்டு தசம ஸ்தானம் வரை.

அதற்குள் அம்மா நான்கு குச்சிகளோடு மரத்தடிக்கு வந்துவிட்டாள். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தாண்டி அளந்து குச்சிகளை நட்டாள். நான் கயிறு பிடிக்கப் போனேன்.

"ஐப்பசியில தறிய இங்க மாத்தறேன்" என்றாள். "அதப் பிரிக்கறப்ப நீ காலேஜிலயே இரு."