ஒறம்பரை ஊடு

தேவாலாவில் செல்லக்கண்ணு கட்டிய பெரிய வீட்டைவிட, பக்கத்தில் கட்டிய வீட்டைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. அகலமான கூடமும் பின்னால் சொந்தத் தேயிலையும் இருக்கட்டும். வாசலுக்கு அந்தப் பக்கம் தனியாக இரண்டு அறை, அடுப்படி, வெந்நீருக்கு பாய்லர், இதெல்லாம் யாருக்கு? கேட்டவர்களிடம், "ஒறம்பரை ஊடுங்க. சொந்தபந்தம் வந்தாத் தங்கறதுக்கு" என்பாள். சொல்லும்போதே தலை நிமிரும். நிமிரட்டுமே, கொழுந்து பறித்த கை சம்பாதித்த வீடு.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில், விருந்தாளி தங்க வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் சரியென்றாலும் அந்த ஒற்றை அறையில் இடம் ஏது? ஓர் ஆடி மழையில் பொள்ளாச்சியிலிருந்து வந்த அண்ணன் நஞ்சப்பன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். கிளம்பும்போது, "காலை நீட்டக்கூட எடமில்லாம இருக்கறயே அம்மிணி" என்றார். குறை சொல்லவில்லை; தங்கைக்காக வருந்தினார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதன்பிறகு எத்தனையோ முறை வந்தார், ஒருநாளும் தங்கியதில்லை.

கிரகப்பிரவேசத்துக்கும் வாடகைக் காரில் வந்து, சாப்பிட்டுக் கை கழுவியதுமே, "இருட்டறதுக்குள்ள மலை எறங்கோணும்" என்று கிளம்பிவிட்டார். ஒறம்பரை வீட்டில் புது மெத்தை விரித்து வைத்திருந்த செல்லக்கண்ணு, இருங்கள் என்று கேட்கவில்லை. ரோஷக்காரி.

போன வேகத்திலேயே கார் திரும்பி வந்தது. வளைவில் யானை நிற்கிறதாம். அண்ணன் தங்கினார். அவளுக்கோ சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. யானை மறித்தால்தான் தங்கை வீட்டில் தலை சாய்ப்பாரா?

காலையில் டீயோடு போனாள். யானை காட்டுக்குள் போய்விட்டதைப் பால்காரர் சொல்லியிருந்தார். மறைத்தால் இன்னொரு நாள் இருப்பார். ஆனால் அப்படி இருந்து என்ன பெருமை?

"ஆனை போயிருச்சுங்கண்ணா. நீங்க கெளம்பலாம்" என்றாள்.

நஞ்சப்பன் டீயை வாங்கி ஓரமாக வைத்தார். மறுபடி படுத்து இரண்டு காலையும் நன்றாக நீட்டினார்.

"போனாப் போகுது. காரை அனுப்பிரு அம்மிணி. நான் நாலு நாள் கழிச்சு பஸ்ல போய்க்கறேன்."

அன்று வாசல் பெருக்கும்போது, கேட்காதவர்களிடமும் சொன்னாள் செல்லக்கண்ணு: "ஒறம்பரை வந்திருக்குதுங்க."