சுருளின் நடுவைப் பார்த்தவர்

ஜெயந்தி அக்கா காலமான செய்தியை அவர் மகள்தான் மனாமாவின் குதைபியா பகுதியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். அக்கா போன மாதம் அனுப்பிய குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பஹ்ரைனில், மனாமாவில் ஒரு செல்வந்தரின் சேகரிப்பில் பழஞ்சீனச் சுவடிகளைப் பழுதுபார்ப்பது அக்காவின் வேலை. பட்டியல் எழுதுவது என் வேலை. அவர் யாழ்ப்பாணம், நான் காயல்பட்டினம். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் அழைக்கும் அவர்கள் பக்கத்து வழக்கப்படி என்னை "நானா" என்பார். அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அந்தக் குரல் நினைவிருக்கும்.

சீன எழுத்து மாறிய கதையை அவர் வாலை வைத்தே சொல்வார். மூங்கில் பட்டைகளில் எழுதிய காலத்தில் கிடைக்கோட்டின் முடிவில் தூரிகையை அழுத்தி மேலே இழுத்துவிடுவார்கள்; அதுதான் வால். காகிதம் பரவிய சில நூற்றாண்டுகளில் வால் போய், கோடு அழுத்தி நின்றுவிட்டது. "வால் இருந்தா பழசு எண்டு உடன எழுதிப்போடாதேங்கோ" என்பார். நான் எழுதிப்போட்டேன்.

அது ஒரு பௌத்த சூத்திரச் சுருள். தொடக்கத்தில் வால் இருந்தது, முடிவில் இல்லை. இரண்டு முனைகளின் படங்களை மட்டும் பார்த்து, பின்பகுதி பிற்காலத்தில் ஒட்டியது என்று பதிந்தேன். அதைப் படித்த முதலாளி, பின்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் காட்சிக்கு வைக்கச் சொன்னார். "நாளைக்குள் முடியவேண்டும், யல்லா" என்று அவசரப்படுத்தினார்.

அக்கா கத்தியைத் தொடவில்லை. சுருளை முழுவதும் விரித்து என்னைக் கூப்பிட்டார்.

"தலையையும் காலையும்தான் பாத்தனீங்கள், நானா. நடுவைப் பாக்கேல்ல."

நடுவில் வால் வரிக்கு வரி குறுகிக்கொண்டே வந்தது. தாளோடு தாள் ஒட்டிய இடங்களில் திடீர் மாற்றம் எதுவும் இல்லை. எழுதியவர் மரியாதைக்காகப் பழைய பாணியில் தொடங்கியிருக்கிறார். போகப்போகத் தன் காலத்து எழுத்து வந்துவிட்டது.

"ஆளுக்குக் கை களைச்சுப்போச்சு. அதுக்காக வெட்டுறதே?" என்றார்.

முதலாளியிடம் பிழையை நானே சொல்லவேண்டியிருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அக்கா கூட வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி சுருளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "கலாஸ்", பேச்சு முடிந்தது என்று எழுந்து போனார். சுருள் தப்பியது, நானும் தப்பினேன்.

மகளின் அழைப்பு வந்தபோது நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தது அதே சுருளுக்கான பராமரிப்புக் குறிப்பு. அக்கா அதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்து கைப்பட எழுதியிருந்தார். முதல் வரிகள் முத்துமுத்தாக இருக்கின்றன. கடைசி வரியில் சுழிகள் மூடாமல் கிடக்கின்றன.

தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துத் தாளைக் கிழித்துப்போடுவது அலுவலக வழக்கம். இதை நான் வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை நடுவையும் பார்த்தேன். எந்த வரியில் அக்காவுக்குக் கை களைத்தது என்று எனக்குத் தெரியும்.